பிறந்த முடி

மதுவின் தலையில் காலையில் எண்ணும்போது ஒன்பது கட்டிகள் இருந்தன. மத்தியானத்துக்குள் பதினொன்றாகிவிட்டது. ஹவுராவின் மே மாதப் புழுக்கம் பெரியவர்களையே பாடாய்ப் படுத்தும். ஒன்றரை வயதுப் பிள்ளையின் தலையில், பிறந்ததிலிருந்து கத்தி படாத அந்த முடிக்காட்டுக்குள், அது என்னதான் செய்யாது!

ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடி வராந்தாவில், கொஞ்சமாவது காற்று வருகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் சகுந்தலா. பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு, முடியை வகிர்ந்து வகிர்ந்து, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு கட்டியாக ஒற்றினாள். பிள்ளை போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டு ரீனா அண்ணி, இந்த ஊர் வழக்கில் ரீனா பௌதி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

இப்படிச் சித்திரவதை பண்ணுவதற்கு முடியை எடுத்துத் தொலைத்தால் என்ன என்று பௌதி வங்காளத்தில் கேட்டாள். அம்மா வரவேண்டும் என்று இந்தியும் வங்காளமும் கலந்து சகுந்தலா பதில் சொன்னாள். இந்தப் பதிலைப் பௌதி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மது சகுந்தலாவின் பிள்ளை இல்லை. சகுந்தலாவுக்குப் பிள்ளையே இல்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த பரமசிவத்தோடு இங்கே வந்து இருபத்தாறு வருஷமாகிறது. வந்த மூன்றாம் வருஷம் மாமியார் போய்ச் சேர, பரமசிவத்தின் தங்கச்சி அனுராதா பன்னிரண்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவளுக்குப் பேன் பார்த்ததும் சடை பின்னியதும் சகுந்தலாதான். வயசுக்கு வந்தபோது உளுந்தங்களி கிண்டிப் போட்டதும், ரமேஷ்பாபுவுக்குக் கட்டிக்கொடுத்து மெல்போர்னுக்கு விமானம் ஏற்றியதும் அவள்தான். முதல் பேறுகாலம் தாய்வீட்டில் பார்க்க வேண்டும் அல்லவா? அனுவுக்குத் தாய்வீடு என்றால் இந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ்தான். ஏழாம் மாதம் வந்தாள். ஐப்பசியில் மது பிறந்தாள்.

நாலு மாதத்தில் அனுவின் லீவு முடிந்தது. அவள் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். அவள் வேலையை வைத்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு அங்கே விசா. பிள்ளையின் விசா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. "எண்ணி ஆறே வாரம் மதினி. விசா வந்ததும் நானும் அவுகளும் வாரோம். சித்திரையில ஊருக்குப் போயி, சாஸ்தா கோயில்ல முடி எடுத்து, காது குத்தி, அப்படியே கூட்டிட்டுப் போயிருதோம்" என்று சொல்லி, பால் கட்டிய மார்போடு அழுதுகொண்டே விமானம் ஏறினாள். அது இரண்டாயிரத்து இருபது, மாசி மாதம்.

அந்தப் பங்குனியில் உலகத்துக் கதவெல்லாம் அடைத்துக்கொண்டது. இந்தியாவில் விமானம் இறங்கக்கூடாது என்றார்கள். ஆஸ்திரேலியாவில் வெளியாள் எவரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அனு கிளம்பி வரலாம். ஆனால் வந்தால் திரும்பிப் போக முடியாது. வேலையும் விசாவும் சேர்ந்து போய்விடும். பிள்ளை அங்கே போக வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும். ரமேஷ்பாபு மனுமேல் மனு போட்டான். போதுமான காரணம் இல்லை என்று பதில் வந்தது. பிள்ளை தாயோடு இருப்பதற்கு அதற்குமேல் என்ன காரணத்தை எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆறு வாரம் ஆறு மாதமாகி, ஒரு வருஷமுமாகிவிட்டது. மது குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சோறு தின்றாள். பெரிய புயலடித்து ஆறு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதுதான் முதல் பல்லு வெட்டியது. அந்த ஆறு நாளும் போன் செத்துக் கிடந்ததில் அதைக்கூட அனு பார்க்கவில்லை.

தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சோறூட்டும் நேரம். அங்கே அனு வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரமும் அதுதான். சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே பிள்ளையை உட்கார வைத்து, "யாரு இது? அம்மா! அம்மாவுக்கு ஒரு வாய் காட்டு" என்று சொல்லிச் சொல்லித்தான் சகுந்தலா ஊட்டுவாள். தன்னை 'அத்தை' என்று கூப்பிடத்தான் பழக்கினாள். வாய் தவறி 'மா' என்று வந்துவிட்டால்கூட, "அத்தே சொல்லு" என்று திருத்துவாள். அந்த விஷயத்தில் அவளை ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது.

முதல் பிறந்தநாளின்போது பரமசிவம்தான் பேச்சை எடுத்தார். "ஏ அனு, இனியும் பாத்துக்கிட்டிருக்க முடியாதுட்டி. ஒத்தப்படை வருசத்துல எடுக்கணும்பாவ. இங்கனயே தாய்மாமன் மடி இருக்கு. கங்கை இருக்கு. எடுத்துருவமா?"

 அனு போனுக்குள்ளிருந்து சகுந்தலாவைத்தான் கூப்பிட்டாள்.

"மதினி, பல்லு முளைச்சத நீங்க பாத்தீங்க. தவழ்ந்தத நீங்க பாத்தீங்க. மொதமொதல்ல என்ன பேசுனான்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாம் போச்சு. அந்த முடி ஒண்ணுதான் எனக்குன்னு பாக்கி. என் வயித்துல இருந்து கொண்டுவந்த முடி மதினி. அத எடுக்கும்போதாவது நான் பக்கத்துல நிக்கணும். அது ஒண்ண மட்டும் எனக்கு வச்சிருங்க."

"வச்சிருக்கேன்டி. நீ அழாத" என்றாள் சகுந்தலா.

அந்த ஒரு வாக்குதான். அதற்குத்தான் இத்தனை வேப்பிலைத் தண்ணீர்.

அன்று சாயங்காலம் பரமசிவம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டாக்டரிடம் போய்வந்தார். நகரம் முழுக்க ஆக்ஸிஜனுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். தலைக்கட்டிக்கு மருந்து கேட்டு வந்தவரை டாக்டர் வாசலில் நிறுத்தி வைத்தே பார்த்தார். மழித்துவிட்டால் பத்து நாளில் ஆறிவிடும், இப்படியே விட்டால் சீழ் உள்ளே இறங்கிக் காய்ச்சல் கண்டுவிடும் என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

பரமசிவம் சட்டையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒர்க்‌ஷாப்பில் அப்போது ரயில் பெட்டிகளை நோயாளிகளுக்கான வார்டுகளாக மாற்றுகிற வேலை. நாள் முழுக்க நடு பெர்த்துகளைக் கழற்றிக் கழற்றி அவர் தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது.

"ஏட்டி, இது வீம்பு பிடிக்கிற நேரமா? காலையில ஆளக் கூட்டிட்டு வாரேன். என் மடியில வச்சு எடுத்துருவோம். சாமிக்குத் தெரியாதா நம்ம நெலம?"

"அனுட்ட கேட்டியளா?"

"கேக்காமலா? வரும்போதே பேசிட்டுத்தான் வந்தேன். எடுத்துருங்கண்ணேன்னுட்டா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா எந்தத் தாயாவது வேண்டாம்பாளா?"

"எப்படிச் சொன்னா?"

"எப்படின்னா? வாயாலதான் சொன்னா."

"அழுதாளா?"

பரமசிவம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது நாள் தாங்க. மழ விழுந்துட்டா சூடு தணிஞ்சிரும். அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். ஒரு கட்டி பெருசாச்சுன்னா நீங்க சொன்ன மாதிரிச் செய்யலாம்."

"உனக்கு என்னதான்ட்டி ஆச்சு? பெத்தவளே சரின்னுட்டா. உனக்கு என்ன?"

அவளுக்கு என்ன என்பதை அவரிடம் சொல்ல முடியுமா? மனு தள்ளுபடி என்று ரமேஷ்பாபு சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சில் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. கதவு இப்படியே அடைந்து கிடக்கட்டுமே, பிள்ளை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டுமே என்று அந்த மூலை கிடந்து வேண்டிக்கொண்டது. ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு அன்றைக்கு இன்னொரு தடவை அனுவுக்குப் போன் போடுவாள். ஊரார் பிள்ளையின் பல்லையும் நடையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டாயிற்று. இந்த முடியையும் எடுத்துவிட்டால் தான் திருடிதான் என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த புருஷனிடம்கூட இதை எப்படிச் சொல்வது!

நாற்பது நாள் பாடுபட்டாள். ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவினாள். முடியைப் பதினைந்து இருபது சிறு சடைகளாகப் பிரித்துக் கட்டி, இடையிடையே தோலுக்குக் காற்றுப் படும்படி வைத்தாள். பிள்ளை மத்தியானம் தூங்கும் நேரம் முழுக்க ஈரத்துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு விசிறியால் வீசினாள். மது அவளை அடித்தாள், கடித்தாள். பஞ்சைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். அந்தப் பச்சைப்பிள்ளையை அவ்வளவு படுத்தியது நியாயமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனி பிறந்து மழை விழுந்தது. கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. முடி அப்படியே நின்றது.

கதவு திறந்தது டிசம்பர் நடுவில். விசா வைத்திருப்பவர்கள் போகலாம் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. பிள்ளையின் விசாவும் வந்துவிட்டது. ரமேஷ்பாபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. அனு மட்டும் ஒன்பது நாள் லீவில், இரண்டு விமானம் மாறி வந்து இறங்கினாள்.

பரமசிவம் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தார். மாடிப்படியில் ஓடி ஏறிவந்த அனு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு கவுனைப் போட்டுக்கொண்டு, தோளைத் தாண்டித் தொங்குகிற சடையோடு ஒரு குட்டிப் பெண் நின்றது. நாலு மாதக் கைக்குழந்தையை விட்டுப் போனவளுக்கு அது யாரோ மாதிரி இருந்திருக்கும். "மது" என்று கையை நீட்டினாள். பிள்ளை சகுந்தலாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"அம்மாட்டி. நம்ம அம்மா வந்திருக்கா, போ" என்று சகுந்தலா முன்னால் தள்ளினாள். பிள்ளை போகவில்லை.

ஒன்றரை மணிக்குச் சகுந்தலா பருப்பும் சோறும் பிசைந்துகொண்டு வந்தாள். "நீயே ஊட்டுட்டி" என்று கிண்ணத்தை அனுவின் கையில் கொடுத்தாள். மது அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டில்மேல் ஏறிப் போனை எடுத்தாள். அடுக்களைக்குப் போய்ச் சீனி டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிவந்து தரையில் வைத்தாள். போனை அதில் சாய்த்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அனு குறுக்கே போய் உட்கார்ந்தாள். "இந்தா இருக்கேன்ட்டி தங்கம். அம்மா இங்க இருக்கேன்."

பிள்ளை அவள் முட்டியைப் பிடித்து ஒதுக்கியது. "தள்ளு. அம்மா வரும்" என்று அணைந்து கிடந்த போனைப் பார்த்தபடி சொன்னது.

சகுந்தலாவுக்கு உயிரே போய்விட்டது. தாய் முகம் மறந்துவிடக்கூடாது என்று ஒரு நாள் விடாமல் செய்த காரியம் இப்படியா வந்து முடிய வேண்டும்! அனு கிண்ணத்தை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நாலு நாள் அப்படியே போனது. அனு தூக்கினால் பிள்ளை விறைத்துக்கொண்டது. "ஜொல்" என்று தண்ணீர் கேட்பதானாலும் அத்தையிடம்தான் வந்து கேட்டது. டிவியில் ஏதோ புதுவகைத் தொற்று என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாடு இதை மூடியது, இந்த நாடு அதை நிறுத்தியது என்று அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது அனு சொன்னாள். "அண்ணே, ஊருக்குப் போக நாளில்ல. போக ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு. இங்கேயே உங்க மடியில வச்சு முடிய எடுத்துருவோம். முடிய மட்டும் பிறகு நீங்க கொண்டுபோய்ச் சாஸ்தா கோயில்ல சேத்துருங்க."

"மார்கழியாச்சேம்மா" என்று பரமசிவம் தலையைச் சொறிந்தார். "மார்கழியில ஒரு நல்ல காரியம் செய்வாவளா?"

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றாள் சகுந்தலா. வார்த்தை அவளை முந்திக்கொண்டு வந்தது. "ரெண்டு வருசம் பொறுத்தாச்சு. இன்னும் மூணு வாரந்தான. லீவ நீட்டேன்டி. தை பிறக்கட்டும். ஊருக்கே போவோம், முறையா எடுப்போம். அதுக்குள்ள பிள்ளையும் உன்ட்ட ஒட்டிக்கிடும். இல்லன்னா நீ போயிட்டு வா, சித்திரையில வந்து கூட்டிட்டுப் போ. நான் எங்க ஓடியா போறேன்?"

அனு டம்ளரைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. "மதினி, அன்னைக்கும் ஆறு வாரம்னுதான் போனேன்" என்றாள். "தையில மறுபடி கதவ அடைச்சுட்டான்னா?"

 மது சகுந்தலாவின் மடியில் உட்கார்ந்து முரி கொறித்துக்கொண்டிருந்தது. பொரி ஒவ்வொன்றாகச் சிந்தியது. சகுந்தலா அதைப் பொறுக்கினாள். அடைச்சுட்டான்னா என்று அனு கேட்டபோது தன் நெஞ்சில் அந்த மூலை எழுந்து உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள். மார்கழியாவது தையாவது! பேச வைத்தது அதுதான். வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

பொரியை எல்லாம் பொறுக்கி முடித்த பிறகு சொன்னாள். "நாளைக்கே எடுத்துருவோம். பிள்ள தாயோட போறத விட நல்ல காரியம் என்ன இருக்கு? சாமி குத்தம்னா அது எனக்கு வரட்டும்."

"ஏட்டி" என்றார் பரமசிவம்.

"நீங்க போயி ஆளச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் காலை பனி விலகி வெயில் வந்ததும், முனைக்கடைப் பிஹாரி நாவிதர் பெட்டியோடு வந்தார். பரமசிவம் சலவை வேட்டி கட்டி, வராந்தாவில் பலகை போட்டுக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், மடியில் மருமகளைப் பதனமாக வாங்கிக்கொண்டார். சகுந்தலா பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் இழைத்து வைத்திருந்தாள். மஞ்சள் துணியை விரித்து அனுவிடம் கொடுத்தாள். "கீழ விழாம ஏந்திக்கோ. உன் முடி" என்றாள். அனு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

முதல் கற்றை துணியில் விழுந்தபோது அனு வாய்விட்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. தலையில் தண்ணீர் பட்டதும் மதுவும் ஆரம்பித்தாள். மாமா மடி ஆகவில்லை. கத்தியும் ஆகவில்லை. ஆட்டக்கூடாது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று நாவிதர் இந்தியில் கத்தினார். "அத்தே! அத்தே!" என்று பிள்ளை இரண்டு கையையும் சகுந்தலாவை நோக்கி நீட்டியது.

நாலு எட்டில் போய் வாரியெடுத்துவிடலாம். பிள்ளை அடங்கிவிடும். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் விக்கலாகிவிடும். சகுந்தலாவின் கை தானாக முன்னால் போனது. பக்கத்தில் அனு மஞ்சள் துணியை ஏந்திக்கொண்டு, தன்னை ஒரு தடவை கூப்பிடாதா என்று பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சகுந்தலா திரும்பினாள். விறுவிறு என்று அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே அழுகை ஏறியது. கத்தி உரசும் சத்தம், நாவிதரின் அதட்டல், "முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டும்மா" என்று பரமசிவத்தின் உடைந்த குரல். பிறகு சின்னக் காலடிகள் ஓடிவந்தன. கதவின் அடிப்பகுதியில் தட்டல் விழுந்தது.

"அத்தே! தொற! அத்தே!"

சகுந்தலா தாழ்ப்பாளை ஒரு கையால் எட்டிப் பிடித்துக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பிள்ளையின் ஒவ்வொரு தட்டும் அவள் முதுகில் விழுந்தது. பின்னாலேயே அனுவின் காலடியும் வந்து நின்றது. கதவு லேசாக அசைந்து தாழ்ப்பாளில் முட்டியது. உள்பக்கம் பூட்டியிருப்பது அனுவுக்குத் தெரிந்துவிட்டது. 

பிறகு அனு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், சகுந்தலாவின் காதுக்கு நேராக அவள் குரல் வந்தது.

"அத்தை கடைக்குப் போயிருக்காட்டி, தங்கம்."

"கடைக்கா?"

"ஆமா. சந்தனம் வாங்கப் போயிருக்கா."

பிள்ளை விக்கியது. "நீ?"

"நான் இங்கதான் இருக்கேன். நான் எங்கயும் போகல."

விக்கல் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டது. நாவிதர் பெட்டியை மூடினார். எதிர்வீட்டில் ரீனா பௌதியின் குக்கர் விசிலடித்தது.

"தூக்கு" என்றது பிள்ளை.

சகுந்தலா தாழ்ப்பாளை விட்டுவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கடைக்குப் போனவள் திரும்பிவர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.